சுக்கான் முகம்

அந்த வியாழக்கிழமை நரம்பு டாக்டரின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் டாக்டர். பரிசோதனைக் கட்டிலின் விளிம்பில், காலைத் தொங்கப்போட்டபடி, எல்லோரும் வாலு என்று கூப்பிடும் பதினேழு வயதுப் பெண். அவளை ஒட்டி அவளைப் பெற்றவள். கதவோரம், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், அவளுடைய அப்பா; படகின் இயந்திர அறையில் நின்றே பழகியவருக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. ஜன்னலோரம் தாய்மாமா, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். டாக்டருக்கு நேர் எதிரே, நாற்காலியின் முதுகில் தன் முதுகு படாமல், அப்பாவின் அக்கா. படகுத்துறையில் அவரைக் கேப்டனம்மா என்பார்கள், வீட்டில் அத்தை. நர்ஸ் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

மேசைமேல் தலையை ஸ்கேன் எடுத்த படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கண் டாக்டரின் சீட்டு எல்லாம் இருந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். யார் முகமும் மலரவில்லை. வாலுவின் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அத்தைக்கும் வாலுவுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று அந்த அறையில் இருந்தது. வாலுவின் தோள்பையில், ஒரு புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அது இருந்தது.

நகரத்துக்கும் எதிரே தெரியும் தீவுக்கும் நடுவே பயணிகள் படகு ஓட்டும் குடும்பம் அது. நான்கு தலைமுறையாகச் சுக்கான் அவர்கள் கையில். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்டவர்கள் உண்டு. சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் உண்டு. பெரியவர்கள் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் அந்த வீடு பொறுத்துக்கொண்டது. படகில் வாந்தி எடுத்தவர்கள் மட்டும் கிடையாது. கரையில் யாராவது அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இதுதான் முதல் பெருமையாக வரும். எப்பேர்ப்பட்ட அலையானாலும் அவர்கள் வயிறு அசையாது. அதைக் கேட்டுவிட்டுத்தான் பயணிகள் தைரியமாக ஏறினார்கள்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குக் கண்பார்வை சற்று மட்டு என்பதால் அவரை இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவுக்குப் பிறகு சுக்கானைத் தானே பிடித்தார். தனக்குப் பிறகு தம்பி மகள் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். வாலு பள்ளி முடித்ததும் பயிற்சிக்குப் படகேறினாள். காற்றுக் காலம் தொடங்கியிருந்தது. தீவைச் சுற்றித் திரும்பும் இடத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்து எழுந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கழற்றி வைத்திருந்த மழைச்சட்டையின் தலைமூடிக்குள் வாந்தி எடுத்தாள். பக்கவாட்டில் எட்டி எடுத்தால் கீழ்த்தளத்துப் பயணிகள் பார்த்துவிடுவார்கள் என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பார்த்தவர் அத்தை ஒருவர்தான். அந்தச் சட்டையை அன்று மாலை அவரே அலசிக் காயப்போட்டார்.

"அத்தை, எனக்குக் கடல் ஒத்துக்கல."

"ஒத்துக்கும். மொதல்ல எல்லாருக்கும் அப்டித்தான்."

"உங்களுக்கு அப்டி இருந்துச்சா?"

"எனக்கு இல்ல."

"தாத்தாவுக்கு?"

"வாயை மூடு."

ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் மழைச்சட்டையை நம்பிப் படகு ஓட்ட முடியாது. அத்தை ஊரின் மறுகோடியில் தன்னை அறியாத ஒரு மருந்துக் கடைக்குப் போய், பயணிகளுக்கு வேண்டும் என்று சொல்லி, வாந்தியை நிறுத்தும் மாத்திரை வாங்கிவந்தார். அட்டையிலிருந்து பிரித்துப் புதினா மிட்டாய் டப்பாவில் போட்டு வாலுவிடம் கொடுத்தார். "உங்க அம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாது. வாக்குக் குடு" என்றார். அவள் கொடுத்தாள்.

மாத்திரை வேலை செய்தது. வயிறு அடங்கியது. கொஞ்ச நாளில் வாலுவும் அடங்கினாள்.

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. நாள்தோறும் வரும் பயணிகளின் நடையையும் பேச்சையும் அப்படியே செய்து காட்டி, கயிறு வீசும் ஆட்களைக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்க வைப்பவள் அவள். அது நின்றுபோனது. சுக்கானுக்குப் பக்கத்தில் நேராக நின்று, கண்ணைக்கூட அதிகம் சிமிட்டாமல், தண்ணீரையே பார்த்தாள். நடக்கும்போது கைகள் முன்னும் பின்னும் வீசாமல் பக்கத்தில் அடங்கியிருந்தன. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, அதுவும் மெல்லிய குரலில்.

இதைப் பார்த்து அத்தைக்கு மனம் நிறைந்தது.

படகு அலுவலகத்துச் சுவரில் அந்தக் குடும்பத்தின் சுக்கான்காரர்கள் படமாகத் தொங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே முகம். சிரிப்பும் இராது, கோபமும் இராது. பார்வை எங்கோ தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் அதற்குச் சுக்கான் முகம் என்று பெயர். அது பிறவியில் வராது, பொறுப்பு ஏற ஏற வரும் என்று நம்பினார்கள். வாலுவுக்கு அது இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று அத்தை பூரித்துப்போய், புகைப்படக்காரரைச் சுக்கான் அறைக்கே வரவழைத்து, அவளை நிற்கவைத்துப் படம் எடுத்து, தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"எம் பொண்ணு சிரிச்சே ரொம்ப நாளாச்சு அண்ணி" என்று வாலுவின் அம்மா ஒருநாள் சொன்னாள்.

"சுக்கான் பிடிக்கிறவ இளிச்சுக்கிட்டே இருந்தா பயணிங்க எறங்கி நீந்திப் போயிடுவாங்க" என்றார் அத்தை.

அப்புறம் சின்னச் சின்னதாக ஏதேதோ. சட்டைப் பொத்தான் போட நேரமானது. வீசிய கயிறு துறைக்கு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது. டீ டம்ளர் கையில் ஆடியது. பெண்ணுக்குத் தலைசுற்றல் மிச்சம் இருக்கிறது, மாத்திரை போதவில்லை என்று அத்தை கணக்குப் போட்டார். காலை ஒன்று என்றிருந்தது மதியம், மாலை என்று மூன்று வேளையானது.

உரிமத் தேர்வு நெருங்கிய சமயத்தில், படகிலிருந்து துறைக்கு இறங்கும் பலகையில் கால் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாதம் பலகையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்ததாம். பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் முன்னால் சாய்ந்தாள். விழுகிறவர்கள் யாரும் கையை ஊன்றுவார்கள். அவள் கை நீளவில்லை. மரப்பலகைபோல் விழுந்து முகவாய் கிழிந்தது. தையல் போட்ட இளம் டாக்டர் அவள் முழங்கையை மடக்கிப் பார்த்துவிட்டு, இன்னொருமுறையும் மடக்கிப் பார்த்துவிட்டு, நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நரம்பு டாக்டர் முதல்நாள் அவளை வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். "பெருசா, வேகமா." முதல் சில தட்டு ஒழுங்காக வந்தது, பிறகு சிறுத்து, இன்னும் சிறுத்து, விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. இன்னொரு கையும் அதேபோல். ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பு வரிசையாகிவிட்டது. நடைபாதையில் நடக்கவைத்தார். திரும்பச் சொன்னபோது, பீரோவை நகர்த்தித் திருப்புவதுபோல் அவள் மொத்தமாகத் திரும்பினாள். முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டே டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டார்.

"நீங்க மெக்கானிக்னு சொன்னீங்களே. கையை வச்சுப் பாருங்க."

அப்பா மகளின் கையைப் பிடித்து மடக்கினார். "கியர் பல்லு தடுக்கித் தடுக்கிப் போற மாதிரி இருக்கு டாக்டர்."

"நாங்களும் அதைப் பல்சக்கரம்னுதான் சொல்லுவோம். பார்க்கின்சன் அறிகுறி."

"அது கெழடுகளுக்கு வர்றதில்ல?" என்றார் மாமா.

"பெரும்பாலும் அப்டித்தான். பதினேழு வயசுல வந்தா பேரை வச்சு வீட்டுக்கு அனுப்பிட முடியாது. எதனாலன்னு தேடணும்." டாக்டர் பேனாவை எடுத்தார். "வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடுறாளா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அம்மா.

"எங்க வீட்டுல யாரும் மருந்து மாத்திரைன்னு போறதில்ல" என்றார் அத்தை.

பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. மருந்து என்பது நோய்க்குக் கொடுப்பது. கடலில் வாந்தி வருவதை நோய் என்று ஒப்புக்கொண்டால் அல்லவா டப்பாவில் இருப்பது மருந்தாகும்? வாலு அத்தையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள்.

தேடல் தொடங்கியது. உடம்பில் செம்பு சேரும் ஒரு வியாதி உண்டாம். சின்ன வயதில் இப்படி வந்தால் அதைத்தான் முதலில் விலக்க வேண்டுமாம். அது இருந்தால் கருவிழியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். கண் டாக்டர் விளக்குக் கருவியில் அவள் முகவாயை வைத்துப் பார்த்தார். மாமா தன் தொழில் விஷயமாயிற்றே என்று பக்கத்திலேயே நின்று, தானும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். வளையம் இல்லை. ரத்தத்திலும் செம்புக் கோளாறு இல்லை. ஸ்கேனில் கட்டி, வீக்கம் எதுவும் இல்லை. இதற்குள் தையல் பிரித்தாகிவிட்டது. வாலு மறுபடி படகேறினாள். சுக்கானைத் தொடவிடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்றார் அத்தை. டப்பாவும் கூடவே ஏறியது.

இப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

"மிச்சம் இருக்கிறது பரம்பரை" என்றார் டாக்டர். ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு நடுவில் சேர்த்தார். "சில வகையில அம்மா வழியா ஒண்ணு, அப்பா வழியா ஒண்ணு, ரெண்டு பழுதும் சேர்ந்தாத்தான் பிள்ளைக்கு வரும். பெத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க ரெண்டு பேர் ரத்தமும் எடுக்கணும். குடும்பத்துல யாருக்காவது கை நடுக்கம், நடை மாறிப்போறது?"

"எங்க பக்கம் இல்ல" என்றார் அத்தை, கேள்வி முடிவதற்குள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல கை நடுங்குச்சு டாக்டர். காபி குடிக்கும்போது சட்டையெல்லாம் கொட்டிக்குவார்."

"எத்தனை வயசுல?"

"எண்பது தாண்டி."

"அது வேற, இது வேறயா இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் குறித்துக்கொண்டார்.

அவர் என்ன சொன்னாலும் அம்மாவின் காதில் அது ஏறவில்லை. "அப்போ எங்க வீட்டுலேருந்துதான்" என்றாள், யாரையும் பார்க்காமல். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஜன்னலோரம் இருந்த அவளுடைய அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மூளை வியாதி இருக்கும் ரத்தம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது எந்தெந்த வாசலில் போய் நிற்கும் என்று அவள் அப்போதே நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

அத்தைக்கோ, இறுக்கிக் கட்டிய கயிற்றைத் தளர்த்தியதுபோல் ஒரு நிம்மதி. நம் பக்கம் இல்லை. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்துது" என்றார் டாக்டர். "பரம்பரையா வர்றது வழக்கமா ஒரு கையில, இல்லன்னா ஒரு கால்ல ஆரம்பிக்கும். இவளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு. வேகமா வேற வந்திருக்கு. முகம் எப்போலேருந்து இப்டி இருக்கு? பழைய போட்டோ இருக்கா?"

அப்பாவின் போனில் இருந்தது. கதவோரத்திலிருந்து வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு படம். கயிற்றுச் சுருளுக்குள் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிச் சிரிக்கும் படம். அதற்கு அடுத்தது சுக்கான் அறையில் எடுத்தது. டாக்டர் முந்தையதற்கும் அதற்கும் மாறி மாறிப் போனார்.

"இதுக்கும் இதுக்கும் நடுவுல என்ன ஆச்சு?"

"படகுக்கு வந்தா" என்றார் அப்பா.

"படகுல என்ன இருக்கு? புகை, பெயிண்ட், வெல்டிங் வேலை ஏதாவது?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "என் எஞ்சின்ல புகையே வராது டாக்டர். வேணும்னா வந்து வெள்ளைத் துணியைப் புடிச்சுப் பாருங்க."

"எஞ்சினைக் குறை சொல்லலைங்க. வேற ஏதாவது? கடல்ல போறவங்க தலைசுத்தல், வாந்திக்குன்னு சிலது போட்டுக்குவாங்களே?"

மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அறைக்குள் அத்தனை நேரம் அடைத்துக்கொண்டிருந்ததுதான் அப்படி வெடித்தது. "வாந்தி மாத்திரையா? இவங்க வீட்டுலயா? டாக்டர், இவங்களுக்கு ரத்தத்துலயே உப்புத் தண்ணி. மச்சான் பொறந்தப்போ தொட்டில் ஆடலன்னுதான் அழுதாராம்!"

அப்பா சிரித்தார். அம்மாகூட வாரைச் சுற்றிய விரலோடு சற்றுச் சிரித்தாள். டாக்டரும் புன்னகைத்துவிட்டு, "சரி, அப்போ ரத்தம் எடுத்துடலாம்" என்று பரிசோதனைக்கான தாளை இழுத்தார்.

வாலு சிரிக்கவில்லை. அவள் முகத்தால் அது முடியாது. கட்டிலில் நேராக உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டது அவளுக்கும் கேட்டிருந்தது. பையின் மேல் ஒரு கை இருந்தது. அந்தக் கை நடுங்கியதே தவிர அசையவில்லை. அம்மா தலைகுனிந்து தன் பிறந்த வீட்டின்மேல் வாங்கிக்கொண்ட பழியை ஒரு வார்த்தையில் இறக்கிவைக்க அவளால் முடியும். சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள்.

நான்கு தலைமுறை வைராக்கியமும் இந்த ஒரு பெண்ணிடம்தான் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரிந்தது. தன்னிடம் அது எப்போதோ கரைந்துவிட்டது. கடலில் வயிறு புரள்வது இழுக்கு என்று நினைத்தவர், இன்னொரு வீட்டு ரத்தத்தின்மேல் பழியை விழவிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

"சாப்பிடுறா" என்றார் அத்தை.

டாக்டர் நிமிர்ந்தார். "என்னது?"

"வாந்தி மாத்திரை. நான்தான் குடுக்கிறேன்."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்று வாய் மட்டும் திறந்திருந்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எவ்வளவு நாளா?"

"காத்துக் காலம் ஆரம்பிச்சதுலேருந்து."

"தெனமுமா?"

"மூணு வேளை. மொதல்ல ஒண்ணுதான் குடுத்தேன். நடுக்கம் வந்ததும் கூட்டினேன்."

"மொத நாளே கேட்டேனே?"

"கேட்டீங்க."

"சொல்லலையே?"

"சொல்லல."

ஒரு சப்பைக்கட்டும் கட்டவில்லை. டாக்டர் டப்பாவைக் கேட்டார். வாலு பையின் ஜிப்பைத் திறக்கப் போனாள். விரல் நழுவியது, மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. உதவ யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் டப்பா மேசைக்கு வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, அத்தை சொன்ன பெயரோடு சரிபார்த்துக்கொண்டார்.

"நல்ல மாத்திரைதான். ஒரு நாள் ரெண்டு நாள் போட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். "இது மூளையில ஒரு கதவைச் சாத்தித்தான் வாந்தியை நிறுத்துது. கை கால் அசைவுக்கு வேண்டிய சேதியும் அதே மாதிரிக் கதவு வழியாத்தான் போகணும். மாசக்கணக்கா சாத்தியே வச்சா இப்டித்தான். சின்ன வயசுக்காரங்களுக்கு இன்னும் சீக்கிரம் பாதிக்கும்."

"தொறந்துடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னையோட நிறுத்துங்க. சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு ஆகும். முழுசா வருமான்னு பார்த்துத்தான் சொல்லணும். பெரும்பாலானவங்களுக்கு வருது." பரிசோதனைத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "ரத்தம் இப்போ வேண்டாம்."

அம்மா எழுந்தாள். நாத்தனார் முன்னால் குரல் உயர்த்திப் பேசாதவள், அன்றும் உயர்த்தவில்லை. "நான் பெத்தவ அண்ணி" என்றாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

மாமாவுக்கு வந்தது. "எங்க அப்பன் கை நடுங்கினதை நான் மறைக்கல கேப்டனம்மா. நீங்க ஒரு மிட்டாய் டப்பாவை மறைச்சீங்க."

தம்பி மேசையிலிருந்த டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அவளுக்குப் பின்னால் மனைவியும் மைத்துனரும் போகும்வரை பிடித்திருந்தார். அக்கா வருமுன் விட்டுவிட்டார்.

குணமாவது வெளியில் தெரியாமலே நடந்தது. வெகுநாள் எதுவும் மாறவில்லை. டாக்டரே இன்னொருமுறை ரத்தப் பரிசோதனையைப் பற்றி யோசித்தார். பிறகு ஒருநாள் அம்மா, தண்ணீர் எடுக்கப் போகும் மகளின் இடது கை லேசாக வீசியதைப் பார்த்து, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை மறுபடி மறுபடி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கவிட்டாள். அடுத்த முறை டாக்டரிடம் விரல் தட்டியபோது தட்டு கடைசிவரை சிறுக்கவில்லை. முகம் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வந்தது.

அத்தை அந்த நாட்களில் தம்பி வீட்டுக்குத் தினமும் போனார். யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு மாலை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ கேட்ட அப்பாவிடம் வாலு கழுத்தை நிமிர்த்தி, கண்ணை எங்கோ தூரத்தில் ஒட்டவைத்து, "வாயை மூடு" என்றாள். அத்தையின் குரல் அப்படியே. அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா சிரித்து, அழுது, தட்டோடு எழுந்து உள்ளே போனாள். அத்தை அசையாமல் இருந்தார். "மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கணும்" என்றார் கடைசியில்.

மறுநாள் அலுவலகத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த அவள் படத்தைக் கழற்றினார்.

"எனக்குக் கடல் புடிக்கும் அத்தை. அதுக்குத்தான் என்னைப் புடிக்கல" என்றாள், கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த வாலு.

"கரையில ரேடியோ அறையில ஆள் இல்ல. வானிலை சொல்லணும், படகுங்களுக்கு வழி சொல்லணும். நாள்பூரா வாய் ஓயாது."

"அப்போ சுக்கானுக்கு?"

"வெளியாள் வருவாங்க." அதைச் சொல்லும்போது அத்தையின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கயிறு வீசிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ஏற்கெனவே உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு இது எதுவும் தெரியாது. துறையில் பெண் விழுந்ததும், நரம்பு டாக்டரிடம் போனதும், படகிலிருந்து அவளை இறக்கிவிட்டதும் மட்டும்தான் தெரியும். மிச்சத்தை, அம்மா வழித் தாத்தாவின் கை நடுக்கத்தையும் சேர்த்து, அவர்களே கண் காது மூக்கு வைத்து நிரப்பிக்கொண்டார்கள். வாலு தேறி ரேடியோவில் பேசத் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒரு காலை மாமா படகு அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை, குரல் இறங்கியிருந்தது. மூத்த பெண்ணுக்குப் பேசிய இடத்தில் யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"என்ன யோசனையாம்?" என்றார் அத்தை.

"எங்க ரத்தத்துல மூளை வியாதி இருக்காம். உங்க வாலுவுக்கு வந்தது எங்க வீட்டுலேருந்து போனதாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? மாப்பிள்ளையோட அம்மா தீவுப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. தெனம் உங்க படகுலதான் போறாங்க. உங்க படகுலயே பேசிக்கிறாங்க."

அத்தை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சுக்கானை அந்தக் கயிறு வீசும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, படகு துறையைவிட்டு நகர்ந்ததும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். ஓடும் படகில் அவர் கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை. நடு வரிசை பெஞ்சில் ஆசிரியைகள் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியைக்கு முன்னால் போய், கம்பியைப் பிடிக்காமல் நின்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணைப் பத்தி ஏதோ கேள்விப்பட்டீங்களாம்."

தலைமை ஆசிரியைக்குக் கூச்சமாகிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க கேப்டனம்மா. பையன் வாழ்க்கை பாருங்க. அந்தப் பொண்ணுக்கு மூளையில பரம்பரை வியாதி, அம்மா வழியில வந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"வியாதி இல்ல. பரம்பரையும் இல்ல" என்றார் அத்தை. குரலைத் தாழ்த்தவில்லை, பின்வரிசை வரைக்கும் கேட்டது. "அவளுக்குப் படகுல வாந்தி வரும். வெளிய தெரியக் கூடாதுன்னு நான் மாசக்கணக்கா மாத்திரை குடுத்தேன். கை நடுங்கினது அந்த மாத்திரையால. அவ அம்மா வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."